இராத்திரியில் தானாகச் சத்தம் போடும் தொட்டி

வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு கக்கூஸ் பக்கம் காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? பல வீடுகளில் அப்போதுதான் ஒரு திருடன் வேலையைத் தொடங்குகிறான். யாரும் பொத்தானை அமுக்கவில்லை, சங்கிலியை இழுக்கவில்லை. ஆனாலும் "சர்ர்" என்று கால் நிமிடம் தண்ணீர் பாயும் சத்தம் வரும், பிறகு அடங்கிவிடும். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் "சர்ர்". பேய், பிசாசு என்று பயந்தவர்கள்கூட உண்டு. பேய்க்கு மாதாமாதம் தண்ணீர் பில் வராது. இதற்கு வரும்.

கெலாங் பாத்தாவில் ஒரு தாமானில் குடியிருக்கும் சகோதரி ஒருவர் இதைப் பற்றி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருந்தார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. மூன்று மாதமாகத் தண்ணீர் பில் இரண்டு மடங்காக வருகிறதாம். பிளம்பர் ஒருவரை அழைத்துக் காட்டியிருக்கிறார்கள். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, தரைக்கடியில் பைப்பு வெடித்திருக்கிறது, டைல்ஸை உடைத்துத்தான் பார்க்க வேண்டும், 1,800 வெள்ளி ஆகும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். கடிதத்தில் என் மனத்தைத் தொட்டது வேறு விஷயம். அந்த வீட்டில் 78 வயதான மாமியார் இருக்கிறார். "அம்மாதான் பைப்பைச் சரியாக மூடுவதில்லை" என்று மகன் ஒரு நாள் கோபத்தில் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அந்த அம்மாள் இரண்டு நாளைக்கு ஒரு முறைதான் குளிக்கிறாராம். துணியைத் தனியாக ஒரு வாளியில் அலசி, அதே தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறாராம். மருமகள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது புரியும். லயத்துக்கு ஒரு பொதுக்குழாய், அதிலும் குறிப்பிட்ட நேரத்தில்தான் தண்ணீர், பால் மரத்திலிருந்து திரும்பிய கையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். கக்கூஸோ லயத்துக்குப் பின்னால் தூரத்தில் வரிசையாக இருக்கும். இருட்டில் விளக்கை எடுத்துக்கொண்டு, துணைக்கு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டுதான் பெண்கள் போவார்கள். அப்படித் தண்ணீர் தூக்கிய கைக்குப் பைப்பை மூடத் தெரியாது என்று சொன்னால் அந்த மனம் என்ன பாடுபடும்?

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், எழுதிய சகோதரியே முக்கியமாக நினைக்காத ஒரு வரி இருந்தது. மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறாராம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் இரண்டாம் பாலத்தைத் தாண்டிப் போகிறவர். அவருக்குக் கோப்பி கலக்க இவர் எழும்போது மாடிக் கக்கூஸில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்குமாம், "மேலே யாரும் இல்லாதபோதுகூட" என்று எழுதியிருந்தார். தரைக்கடியில் வெடித்த பைப்பு மாடியில் விட்டுவிட்டுச் சத்தம் போடாது. மாடித் தொட்டியைப் பாருங்கள், டைல்ஸில் கை வைக்க வேண்டாம் என்று உடனே பதில் எழுதினேன். என்ன செய்யச் சொன்னேன் என்பதை எல்லாருக்கும் பயன்படும்படி இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மேல் மூடியைத் தூக்கிப் பாருங்கள். அது சுத்தமான தண்ணீர்தான், அருவருப்பு வேண்டாம். ஒரு பக்கம் தண்ணீரை உள்ளே விடும் வால்வு. அதோடு சேர்ந்து ஒரு மிதவை இருக்கும். பழைய தொட்டியில் நீண்ட கம்பியின் நுனியில் பந்து மாதிரி இருக்கும், புதியதில் வால்விலேயே ஏறி இறங்கும் டப்பா. தண்ணீர் ஏற ஏற மிதவையும் ஏறி வால்வை மூடும். நடுவில் செங்குத்தாக ஒரு குழாய் நிற்கும். தண்ணீர் அளவுக்கு மேல் ஏறினால் வெளியே சிந்தாமல், இந்த வழிவுக் குழாய் வழியாகக் கிண்ணத்துக்குள் போய்விடும். தொட்டியின் அடியில் ஒரு ரப்பர் மூடி, அல்லது இரட்டைப் பொத்தான் தொட்டியாக இருந்தால் ரப்பர் வளையம் ஒன்று. அவ்வளவுதான். இதில் மின்சாரம் இல்லை, இயந்திரம் இல்லை. மிஷினில் ஊசி மாட்டத் தெரிந்த யாரும் இதைப் பழுது பார்க்கலாம்.

சத்தத்தை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். ஓயாமல் மெல்லிய இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தால், உள்ளே விடும் வால்வு மூடவில்லை, தண்ணீர் வழிவுக் குழாயில் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். விட்டு விட்டுச் சத்தம் வந்தால், அடி மூடியில் ஒழுக்கு. தொட்டி மெல்ல மெல்லக் காலியாகும், மிதவை கொஞ்சம் இறங்கியதும் வால்வு திறந்து நிரப்பும், மறுபடி மூடும். அந்தச் சகோதரி கேட்டது இதைத்தான்.

காதை நம்பாதவர்கள் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தொட்டிக்குத் தண்ணீர் வரும் சின்னத் திருகு வால்வைச் சுவர் ஓரத்தில் மூடுங்கள். தொட்டிக்குள் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஒரு மணி நேரம் யாரும் தொடக் கூடாது. பிறகு வந்து பாருங்கள். மட்டம் கோட்டிலேயே நின்றால் அடி மூடி நன்றாக இருக்கிறது, குற்றம் வால்வின் மேல். மட்டம் இறங்கிக்கொண்டே போனால் அடி மூடி. பாதியில் ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டால், அந்த உயரத்தில் எங்கோ கீறல் இருக்கிறது. பெரும்பாலும் அது வழிவுக் குழாயில் இருக்கும். இன்னொரு வழி, தொட்டியில் அரை தம்ளர் பால் சேர்க்காத கடுங்கோப்பியையோ ஒரு சிட்டிகை கேசரிச் சாயத்தையோ கலந்துவிட்டு அரை மணி நேரம் காத்திருப்பது. பொத்தானை அமுக்காமலே கிண்ணத்தில் சாயம் தெரிந்தால் திருடன் பிடிபட்டான். ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீர் வழிவுக் குழாயின் வாய்க்கு மேல் நின்றால் அந்த வழியாகவும் சாயம் போகும். ஆகவே சாயம் கலக்குமுன் மட்டம் அந்த வாய்க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கணக்குப் போடவும் கோடு உதவும். தொட்டியின் உள்நீளம் 40 சென்டிமீட்டர், அகலம் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 600 கன சென்டிமீட்டர், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல். பத்து நிமிடத்தில் இரண்டு சென்டிமீட்டர் இறங்குகிறது என்றால் 1.2 லிட்டர். ஒரு மணிக்கு 7.2 லிட்டர், ஒரு நாளைக்கு 170 லிட்டருக்கு மேல், மாதத்துக்கு ஐயாயிரம் லிட்டரைத் தாண்டும். பில்லில் ஒரு கன மீட்டர் என்று போட்டிருப்பது ஆயிரம் லிட்டர். உங்கள் பில்லில் உள்ள விலையை வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஜொகூரில் தண்ணீர் கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் இருப்பதால், கடைசியாகச் சேரும் இந்த ஐந்து கன மீட்டர் கூடுதல் விலைப் படியில் விழக்கூடும். மீட்டருக்கு இந்தப் பக்கம் ஒழுகும் தண்ணீர் நம் கணக்குதான். ரான்ஹில் எஸ்.ஏ.ஜே. அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை.

இது நம் ஊர்ப் பழுது மட்டுமல்ல. இங்கிலாந்தில் பல காலம் அடி மூடி வைத்த தொட்டிக்கு அனுமதியே இல்லாமல் இருந்தது. அவர்கள் வைத்திருந்தது வளைகுழாய் முறை. தண்ணீரை ஒரு மேட்டைத் தாண்ட வைத்தால்தான் அது இழுத்துக்கொண்டு இறங்கும், தானாக ஒழுக வழியில்லை. 1999இல் வந்த புதிய விதிகளுக்குப் பிறகுதான் அங்கே அடி மூடித் தொட்டிகள் நுழைந்தன. 2020இல் வாட்டர்வைஸ் என்ற தண்ணீர்ச் சிக்கன அமைப்பு, அந்த நாட்டில் கக்கூஸ் தொட்டிகள் மட்டும் ஒரு நாளைக்கு 40 கோடி லிட்டர் ஒழுக விடுகின்றன என்று கணக்கிட்டது. நம் பழைய பள்ளிக்கூடங்களில் உயரத்தில் இரும்புத் தொட்டி, சங்கிலி இழுத்தால் இடி இடித்த மாதிரி தண்ணீர் விழும், நினைவிருக்கிறதா? அது அந்த வளைகுழாய் ஜாதிதான். சத்தம் பெரிசு, ஆனால் திருட்டுத்தனம் இல்லை.

சரி, பழுதைப் பார்ப்போம். அடி மூடி ஒழுகினால், தண்ணீரை மூடிவிட்டு, தொட்டியைக் காலி செய்து, ரப்பரைக் கையால் தடவிப் பாருங்கள். வழவழப்பாகப் பாசி பிடித்திருந்தால் பழைய துணியால் துடைத்தாலே சில சமயம் சரியாகிவிடும். ரப்பர் உட்காரும் பீடத்தையும் துடைக்க வேண்டும். கத்தி, கம்பி நார் கூடாது. கீறல் விழுந்தால் பிறகு எந்த ரப்பரும் பிடிக்காது. ரப்பர் கல் மாதிரி இறுகியிருந்தாலும், விரலில் கருப்பாக ஒட்டினாலும் மாற்றிவிட வேண்டியதுதான். குளோரின் சேர்ந்த தண்ணீரில் வருடக்கணக்காகக் கிடந்தால் அதன் ஆயுள் அவ்வளவே. தொட்டிக்குள் நீலக் கட்டி போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. வாசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிளீச் கலந்த கட்டியாக இருந்தால் ரப்பரைச் சீக்கிரமே தின்றுவிடும். எனக்கு அது பிடிப்பதில்லை.

இரட்டைப் பொத்தான் தொட்டியில் நடுவில் இருக்கும் முழு உருளையையும் கால் சுற்றுத் திருப்பினால் பெரும்பாலும் கையோடு வந்துவிடும். அதன் அடியில் வளையல் மாதிரி ஒரு ரப்பர் வளையம். அதைக் கழற்றி ஹார்டுவேர் கடைக்குக் கையோடு எடுத்துப் போங்கள். கண் மதிப்பில் "இந்த அளவு" என்று சொல்லி வாங்கினால் இரண்டு முறை நடக்க வேண்டும். சில வெள்ளிக்குள் கிடைக்கிற சாமான் அது. கெலாங் பாத்தா என்றாலே மலாயில் உடைந்த வளையல் என்றுதானே அர்த்தம்! நம் சகோதரியின் வீட்டிலும் குற்றவாளி அந்த வளையல்தான். ஒரு பக்கம் வெடித்திருந்ததாம். மகனே சனிக்கிழமை உட்கார்ந்து மாற்றினாராம். இரண்டாவது கடிதத்தில் எழுதியிருக்கிறார். மாற்றி முடித்ததும் அவர் பழைய வளையத்தைக் கீழே கொண்டுபோய் அம்மாவின் கையில் கொடுத்தாராம், வேறு எதுவும் பேசவில்லையாம். அந்த அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கா 1,800 வெள்ளி?" என்று மட்டும் கேட்டாராம்.

வால்வு மூடாமல் ஒழுகும் வீடுகளுக்கு வருவோம். மிதவை தொட்டியின் சுவரில் உரசுகிறதா என்று முதலில் பாருங்கள். பந்து மிதவையைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிறதா? அப்படியானால் அது ஓட்டை, மாற்ற வேண்டும். இரண்டும் இல்லையென்றால், மிதவையின் திருகைத் திருப்பி, தண்ணீர் வழிவுக் குழாயின் வாய்க்கு ஒரு அங்குலம் கீழே நிற்கும்படி வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வால்வுக்குள் மண். தண்ணீர் வெட்டு முடிந்து மறுபடி விடும்போது முதலில் கலங்கலாக வருகிறதல்லவா? அந்த மண் வால்வின் சின்ன ரப்பரில் சிக்கிக்கொள்ளும். தொப்பியைக் கழற்றி, மேலே ஒரு கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, திருகு வால்வைக் கொஞ்சமாகத் திறந்தால் மண் அடித்துக்கொண்டு வந்துவிடும். கோப்பையை மறந்தால் கூரை வரை குளிக்கலாம்.

வால்விலிருந்து ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய் வழிவுக் குழாய்க்குப் போகும். அதை ஆழமாக உள்ளே செருகிவிடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதன் நுனி தொட்டித் தண்ணீரின் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், சில வால்வுகளில் அதுவே தண்ணீரை உறிஞ்சி இறக்கிக்கொண்டிருக்கும். எவ்வளவு ரப்பர் மாற்றினாலும் நிற்காது. நுனி வழிவுக் குழாயின் வாய்க்கு மேலே, காற்றுப்படும்படி, கொக்கியில் மாட்டி நிற்க வேண்டும்.

இந்தக் "காற்றுப்படும்படி" என்ற சொல்லை ஒரு நிமிடம் நின்று யோசிக்கச் சொல்கிறேன். பில் விஷயத்தைவிட இது பெரிது. நம் வீட்டுக் கக்கூஸ்களில் எல்லாம் கை கழுவும் ரப்பர்க் குழாய் ஒன்று தொங்குகிறது. அதன் வாய் கிண்ணத்துக்குள்ளோ, அழுக்குத் துணி ஊறும் வாளிக்குள்ளோ கிடக்க, பைப்பும் திறந்திருக்க, அந்த நேரம் தண்ணீர் வெட்டு வந்தால் என்ன ஆகும்? குழாயில் அழுத்தம் போய்விடும். கீழ்வீட்டில் ஒருவர் பைப்பைத் திறந்தால், மேலே இருக்கிற அழுக்குத் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுச் சுத்தக் குழாய்க்குள் போகும். நுனியில் அமுக்கும் கைப்பிடி இருந்தால் தடுக்கும். ஆனால் அது ஒழுகாத கைப்பிடியாக இருக்க வேண்டும். மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுக்கும் தாமான் வீட்டில் கெடுதி அந்த வீட்டோடு போகும். நேரடியாகப் பெரிய குழாயிலிருந்து எடுக்கும் பழைய வீட்டில் அக்கம்பக்கத்துக்கும் பரவலாம்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1933இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. இலட்சக்கணக்கான ஜனங்கள் வந்து தங்கினார்கள். இரண்டு பெரிய ஹோட்டல்களில் தங்கியவர்களுக்கு அமீபா வயிற்றுக்கடுப்பு கண்டது. ஊருக்குத் திரும்பிய பிறகு நோய் தெரிந்ததால் காரணம் கண்டுபிடிக்கவே நாளாயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் படுத்தார்கள், 98 பேர் இறந்தார்கள். ஆராய்ந்தபோது, பழைய கழிவுக் குழாய்களின் ஒழுக்கும், கழிவும் குடிநீரும் கலக்க இடம் கொடுத்த தவறான இணைப்புகளும் வெளிப்பட்டன. பின்னோக்கி உறிஞ்சுவதைத் தடுக்கும் வால்வு, காற்று இடைவெளி என்றெல்லாம் பிளம்பிங் விதிகள் வற்புறுத்துவதற்கு அந்தச் சம்பவம் ஒரு முக்கியக் காரணம்.

வெளிநாடுகளில் காரில் இழுத்துச் செல்லும் சக்கர வீடு ஒன்று உண்டு. இப்போது நம் நாட்டிலும் வேனைப் படுக்கையும் அடுப்புமாக மாற்றிக் குடும்பத்தோடு சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சக்கர வீட்டின் அடியில் மலத்தொட்டி, அதைக் கழுவ உள்ளே ஒரு தெளிப்பான். தோட்டத்துக் குழாயை வெளியே மாட்டித் திறந்தால் உள்ளே பீய்ச்சும். மாட்டும் இடத்துக்கும் தொட்டிக்கும் நடுவில், சுவருக்குள் உயரமாக, பின்னோக்கி உறிஞ்சாமல் தடுக்கும் பிளாஸ்டிக் வால்வு ஒன்று இருக்கும். அது வெடித்தால் சுவருக்குள் தண்ணீர் இறங்கித் தரைப் பலகை ஊறிவிடும். ஜனங்கள் தொட்டிதான் ஓட்டை என்று எண்ணித் தொட்டியைக் கழற்றுவார்கள். அப்படி ஒரு வண்டி உங்களிடம் இருந்தால், கழுவும் குழாயைத் திறந்தால் மட்டும் ஒழுகுகிறதா, சும்மா இருக்கும்போதும் ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள். திறந்தால் மட்டும் ஒழுகினால் முதலில் அந்த வால்வைச் சந்தேகியுங்கள். எரிச்சல்பட்டு வால்வை எடுத்துவிட்டு நேராகக் குழாயை இணைக்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. ஒழுக்கு நிற்கும். மலத்தொட்டிக்கும் குடிநீர்க் குழாய்க்கும் நடுவில் பிறகு ஒன்றும் இருக்காது.

தாமானில் இல்லாமல் கம்பத்துப் பக்கம், தஞ்சோங் குப்பாங், பெண்டாஸ் பகுதிகளில் தனி மலத்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலத்தொட்டிக்குள் கசடு அடியில் தங்க நேரம் வேண்டும். இராப்பகலாக ஒழுகும் தண்ணீர் அந்த நேரத்தைக் கொடுக்காமல் கலக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். கசடு கால்வாய்க்குப் போகும், கால்வாய் கடலுக்குப் போகும். அந்தக் கடலில்தான் சிப்பி எடுக்கிறோம். சுங்கை பூலாய் அலையாத்திக் காடு 2003இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம் என்பதும் நினைவிருக்கட்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது இண்டா வாட்டரை அழைத்துக் கசடு எடுத்துவிடுங்கள். எடுத்த ரசீதைப் பில்லோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

குளுவாங்கிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், தண்ணீரை மிச்சம் பிடிக்கத் தொட்டிக்குள் செங்கல் போடலாமா என்று. வேண்டாம். செங்கல் கரைந்து, அந்தத் துகள் போய் ரப்பருக்கடியில் உட்காரும். பழைய ஒன்பது லிட்டர் தொட்டியாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் நிரப்பி, மிதவையில் இடிக்காத மூலையில் நிறுத்துங்கள். புதிய ஆறு லிட்டர் தொட்டியில் அதுவும் கூடாது. ஒரு முறை போக வேண்டியது இரண்டு முறை அமுக்கினால்தான் போகும்.